மருந்து அலமாரியில் பிறந்த தடயக் கலை

தீபகற்பத்தின் அறிவியற் சுவடுகள் – 11

1848இல் மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' இரண்டும் 1872இல் வந்தன. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் அவர் எழுத்தை விடவில்லை. 1875இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் தமிழில் வெளியாயிற்று.

வேதியியலைத் தமிழில் படிக்க முடிந்த அந்த மாணவரைச் சுற்றி என்னென்ன பொருட்கள் இருந்திருக்கும்? புண்ணுக்குப் பூசும் அயடீன். வளர்ந்த சதையைக் கருக்கும் வெள்ளி நைத்திரேற்றுக் குச்சி. பாதரசத்தைச் சுண்ணக்கட்டியோடு அரைத்துச் செய்த சாம்பல் நிறத் தூள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவை இல்லாத வைத்தியசாலை கிடையாது.

இந்த மூன்று பொருட்களும் பின்னர் பொலிஸ் தடயவியல் அறைக்குள் நுழைந்தன. கண்ணுக்குத் தெரியாத விரலடையாளத்தை வெளிக்கொணரும் கலையின் முதல் எண்பது ஆண்டுகள் பெரும்பாலும் வைத்தியர்களின் அலமாரியில்தான் கழிந்தன. அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில் மானிப்பாய் அதே பொருட்களைத் தமிழில் கற்பித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பகுதியின் நோக்கம்.

தொடுகை விட்டுச் செல்வது

உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் மயிர்க்கால்கள் இல்லை. ஆகவே அங்கே எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக உண்டு. அவற்றின் வாய்கள் ரேகை மேடுகளின் முகட்டில் வரிசையாகத் திறக்கின்றன. அங்கு ஊறும் வியர்வையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சமிருக்கும் துளியளவில் கறியுப்பு, யூரியா, அமினோ அமிலங்கள். முகத்தையோ தலைமயிரையோ தொட்ட கையென்றால் கொழுப்பும் சேர்ந்துகொள்ளும்.

தண்ணீர் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். உப்பும் அமினோ அமிலமும் கொழுப்பும் ரேகையின் வடிவிலேயே பரப்பில் தங்கும். இதைத்தான் மறைந்த விரலடையாளம் என்கிறோம். வெளிக்கொணரும் முறைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத் தேடிச் செல்பவை. உப்பைத் தேடுவது ஒரு முறை, அமினோ அமிலத்தைத் தேடுவது இன்னொன்று, கொழுப்பைத் தேடுவது வேறொன்று. எது எந்தப் பரப்பில் எவ்வளவு காலம் நிற்கும் என்று தெரிந்தவருக்கே எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

புகையும் வெயிலும்

1863இல், பாரிஸின் வால்-டி-கிராஸ் இராணுவ வைத்தியசாலையில் வேதியியல் கற்பித்த போல் ஷான் கூலியே, திருத்தி எழுதப்பட்ட பத்திரங்களைக் கண்டுபிடிக்க அயடீன் ஆவியைப் பயன்படுத்திப் பார்த்தார். அயடீன் படிகத்தைச் சூடாக்கினால் அது உருகி ஓடுவதற்கு முன்பே ஊதா நிற ஆவி எழும். அந்த ஆவி பட்ட கடதாசியில் எழுத்தின் திருத்தங்களோடு, கடதாசியைத் தொட்டவரின் விரல் ரேகைகளும் மஞ்சட் கபில நிறத்தில் தோன்றின. உருப்பெருக்கி கொண்டு பார்த்தால் தொட்டவரை அடையாளம் காணவும் கூடும் என்று அப்போதே அவர் எழுதிவைத்தார். அதைப் பின்தொடர அன்று யாரும் இல்லை.

அயடீன் தேடுவது பெரும்பாலும் கொழுப்பை. அதன் குணம் ஒன்றே வரமும் குறையுமாக அமைந்தது. தோன்றிய நிறம் நிலைப்பதில்லை. காற்றுப்பட விட்டால் அயடீன் மெல்ல ஆவியாகி ரேகை மறைந்துவிடும். உடனே படமெடுத்தாக வேண்டும். ஆனால் ஆவணத்துக்குக் கெடுதி ஏதும் இல்லை. காணி உறுதியொன்றைச் சோதிப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

வெள்ளி நைத்திரேற்று வேறு வழியில் வந்தது. 1877இல் பிரெஞ்சு வைத்தியர் ஓபேர், தோலின் வியர்வையை ஆராயும்போது வெள்ளி நைத்திரேற்றைப் பயன்படுத்தினார். வியர்வையிலுள்ள குளோரைட்டு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டாகும். வெயில் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள் பிரிந்து கறுக்கும். வியர்வை ஊறிய இடமெல்லாம் கறுத்த கோடாக எழும். புண்ணுக்கு வெள்ளி நைத்திரேற்று வைத்த கை வெயிலில் கறுத்துப்போவதைப் பார்த்த எந்த வைத்திய மாணவருக்கும் அந்தக் கறுப்பு புதிதல்ல. 1891இல் லியோன் நகரின் மாணவர் ரெனே போர்ஜோ, சட்ட மருத்துவப் பேராசிரியர் லக்கசாஞ்சின் வழிகாட்டலில், மறைந்த ரேகைகளை எடுக்கும் இத்தகைய முறைகளை ஆராய்ந்து தன் ஆய்வேட்டை எழுதினார். அதுவும் மருத்துவப் பட்டத்துக்கான ஏடு.

இந்த முறையின் பெருஞ்சோதனை 1932இல் அமெரிக்காவில் நடந்தது. விமானி லிண்ட்பேர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கில், கடத்தியவர் விட்டுச்சென்ற மர ஏணியில் தூள் தூவிப் பயன் கிடைக்கவில்லை. மெருகிடாத மரம் தூளை எங்கும் ஒரே மாதிரிப் பிடித்துக்கொள்ளும். நியூயோர்க் வைத்தியர் இராஸ்டஸ் மீட் ஹட்சன் வெள்ளி நைத்திரேற்றைப் பூசி நூற்றுக்கணக்கான ரேகைகளை எழுப்பிக் காட்டினார். பின்னர் குற்றஞ்சாட்டப்பட்ட ஹவுப்ட்மனின் ரேகை அவற்றுள் இல்லை. அதை ஹட்சன் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் சாட்சியாக நின்று சொன்னார்.

நம் தீபகற்பத்தின் காற்றையும் இங்கே நினைக்க வேண்டும். ஈரம் கூடிய காற்றில் கடதாசியின் உப்பு நாளாக நாளாக இழைகளுக்குள் பரவி ரேகையின் விளிம்பைக் கலைத்துவிடும். கடற்காற்றும் உவர்நீரும் பட்ட பரப்பில் வெளியிலிருந்து வந்த குளோரைட்டும் இருக்கும். வெள்ளி நைத்திரேற்று அதையும் சேர்த்துக் கறுப்பாக்கும். உலர்ந்த நாடொன்றில் நன்றாக வேலை செய்யும் முறை, கரையோர ஊரில் நாள் கடந்தபின் ஏமாற்றக்கூடும். பரப்பைப் போலவே ஊரின் காலநிலையும் முறையைத் தீர்மானிக்கிறது.

ரோக்கியோவின் மிஷன் வைத்தியர்

கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற மறு ஆண்டு, 1874இல், ஸ்கொட்லாந்து மிஷன் வைத்தியர் ஹென்றி போல்ட்ஸ் ஜப்பானுக்குப் போனார். ரோக்கியோவின் சுகிஜியில் வைத்தியசாலை நடத்தி மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். இருவரும் ஒரே தலைமுறைக் கால மிஷன் மருத்துவத்தின் பிள்ளைகள், கற்பித்தலில் பற்றுள்ளவர்கள்.

பழைய மட்பாண்டங்களில் குயவரின் விரல் பதிந்திருப்பதைக் கண்டு போல்ட்ஸின் ஆராய்ச்சி தொடங்கியது. 1880 ஒக்ரோபர் 28இல் 'நேச்சர்' இதழில் அவரது கடிதம் வெளியாயிற்று. குற்றம் நடந்த இடத்தில் பதிந்த ரேகையைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காணலாம் என்ற கருத்தை அதில் முன்வைத்தார். தன் அனுபவத்திலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளையும் சொன்னார். வைத்தியசாலை மதுசாரத்தை எடுத்துக் குடித்தவர் யார் என்பதை எண்ணெய்ப் பிசுக்குள்ள விரற்பதிவு காட்டிக்கொடுத்தது. இன்னொன்றில், வெள்ளைச் சுவரேறியவரின் கரி படிந்த விரலடையாளம், சந்தேகிக்கப்பட்டவர் அவரல்லர் என்று காட்ட உதவியது.

இரண்டாவது நிகழ்ச்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தக் கலையின் தொடக்ககால வெளியீடொன்றிலேயே, ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் பணியும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது.

அடுத்த மாதமே அதே இதழில் வில்லியம் ஹெர்ஷல் பதில் எழுதினார். வங்காளத்தில் 1858இலிருந்து ஒப்பந்தங்களில் கைப்பதிவு வாங்கி வந்ததாகத் தெரிவித்தார். ஆனால் ஹெர்ஷல் கையாண்டது மையில் தோய்த்து வாங்கிய பதிவு. தெரியாமல் விழுந்த பதிவைத் தேடிப் போனவர் போல்ட்ஸ். நம் ஊர் உறுதிகளில் கைநாட்டு வைப்பது முதல் வகை. இந்தப் பகுதி பேசுவது இரண்டாவது வகை.

1898இல் வங்காளத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட முகாமையாளர் கொல்லப்பட்டபோது இரண்டு வகையும் ஓரிடத்தில் சந்தித்தன. அங்கிருந்த பஞ்சாங்கம் ஒன்றில் மங்கிய கபிலக் கறைகள் இருந்தன. அவை இரத்தம் என்று அரசாங்க இரசாயனப் பரிசோதகர் உறுதி செய்தார். அதிலிருந்த பெருவிரல் அடையாளம், முன்பு தண்டிக்கப்பட்ட காங்காலி சரணின் பதிவோடு ஒத்துப்போனது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. ரேகையை மட்டும் கொண்டு கொலையைத் தீர்மானிக்க நீதிமன்றம் அன்றே முன்வரவில்லை.

தூளின் காலம்

கண்ணாடி, பீங்கான், மெருகிட்ட மரம், பூச்சுப் பூசிய உலோகம் ஆகியவை எதையும் உறிஞ்சாத பரப்புகள். இவற்றின்மேல் ரேகையின் ஈரமும் கொழுப்பும் மேலேயே நிற்கும். மெல்லிய தூரிகையால் நுண்தூளை வருடிவிட்டால் தூள் அந்தப் பசையில் ஒட்டும். பின்னர் ஒட்டுநாடாவால் அதை அப்படியே தூக்கி அட்டையில் வைக்கலாம். வெளிறிய பரப்புக்குக் கரித்தூள், கறுத்த பரப்புக்கு அலுமினியத் தூள் என்பது பொது விதி. திருட்டு நடந்த வீட்டில் தடயவியல் பொலிஸார் அலுமாரிக் கதவையும் யன்னற் கண்ணாடியையும் தூரிகையால் வருடுவதை நம் ஊரில் பலர் கண்டிருப்பர்.

சுண்ணாம்புச் சுவரும் செதுக்காத பனஞ்சிலாகையும் இதற்கு ஒத்துவராது. நாட்பட்ட பதிவு காய்ந்து பசையிழந்துவிட்டால் கண்ணாடியிலும் தூளின் பலன் குறையும்.

பழைய தூள்களுள் ஒன்று, மேலே சொன்ன பாதரசமும் சுண்ணமும் கலந்த சாம்பல் தூள். ஒருகாலத்தில் அதைக் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். கறுத்த பரப்பில் ரேகையைத் தெளிவாகக் காட்டியதால் இங்கிலாந்துப் பொலிஸார் பல்லாண்டு அதைக் கையாண்டனர். அந்தத் தூளோடு நாளாந்தம் வேலை செய்த பொலிஸாருக்குப் பாதரச நச்சு ஏறியிருப்பதை 1949இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு வெளிப்படுத்தியது. மூடிய அறையில் நுண்தூளை ஊதியும் தூவியும் வேலை செய்பவரின் மூச்சைப் பற்றி அதுவரை எவரும் போதிய கவலை கொள்ளவில்லை. இன்று முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் இடங்களில், அந்தப் பொலிஸாரின் உடல்நலமே அதற்கு விலையாயிற்று.

கடதாசிக்கு ஓர் ஊதா நிறம்

1910இல் கேம்பிரிட்ஜில் சீக்பிரீட் ரூஹெமன் நின்ஹைட்ரினைத் தயாரித்தார். அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் அது ஆழ்ந்த ஊதா நிறம் தரும். உயிர்வேதியியல் ஆய்வுகூடங்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டன. வெறுங்கையால் தொட்ட ஆய்வுத்தாளில் ஊதா விரற்பதிவுகள் தோன்றி வேலையைக் கெடுப்பது அங்கே வழக்கமான தொல்லை. அந்தத் தொல்லையைப் பயனாக மாற்ற நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1954இல் சுவீடனின் ஸ்வந்தே ஒதேனும் பெங்த் வொன் ஹொப்ஸ்தனும் அதை விரலடையாளத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

கடதாசி ஆய்வை இது மாற்றியமைத்தது. அமினோ அமிலம் கடதாசியின் செலுலோசு இழையைப் பற்றிக்கொள்ளும்; உப்பைப் போல எளிதில் பரவாது. எனவே பல ஆண்டுகளுக்கு முன் தொட்ட தாளிலும் ரேகை எழும். நின்ஹைட்ரினுக்குச் சூடும் ஈரமும் வேண்டும். குளிர்நாட்டு ஆய்வுகூடங்கள் அதற்கென ஈரவெப்பப் பெட்டி வைத்திருக்கின்றன. நம் நாட்டின் காற்றில் இயல்பாகவே அந்த இரண்டும் உண்டு. காசோலை, மிரட்டற் கடிதம், போலி உறுதி எல்லாவற்றுக்கும் இது பயன்படும். 1990இல் வந்த டி.எப்.ஓ. என்ற வேதிப்பொருள் இதே அமினோ அமிலத்தை ஒளிரவைத்து, இன்னும் மங்கிய பதிவுகளைக் காட்டியது.

பொலித்தீன் பையும் கிணற்று நீரும்

பிளாஸ்ரிக் பரவிய காலத்தில் தூளும் நின்ஹைட்ரினும் போதவில்லை. 1970களின் இறுதியில், ஜப்பான் பொலிஸ் ஆய்வுகூடமொன்றில் மட்சுமுரா என்பவர், மயிர்களைக் கண்ணாடித் தகட்டில் சுப்பர் குளூவால் ஒட்டிக்கொண்டிருந்தார். பசையின் ஆவி பட்டுத் தன் விரலடையாளமே தகட்டில் வெள்ளையாக எழுவதைக் கண்டார். கனடாவிலும் இங்கிலாந்திலும் அதே ஆண்டுகளில் இதே உண்மை தனித்தனியே கண்டறியப்பட்டது.

அந்தப் பசை சயனோஅக்கிரிலேற்று என்ற சேர்வை. அதன் ஆவி ரேகையின் ஈரத்தைத் தொட்டதும் சங்கிலியாகக் கோத்துக் கெட்டியான வெள்ளைப் படிவாகும். மூடிய பெட்டிக்குள் ஈரப்பதனை எண்பது வீதமளவில் வைத்துப் பொருளை ஆவிக்குக் காட்டுவார்கள். பொலித்தீன் பை, துப்பாக்கி, பிளாஸ்ரிக் போத்தல் எல்லாம் இதற்கு உட்பட்டன. படிவு உறுதியானது, அதன்மேல் சாயமேற்றி, சிறப்பு ஒளியில் மேலும் தெளிவாக்கலாம்.

ஒட்டுநாடாவின் பசைப்பக்கம் தனிச் சிக்கல். அங்கே தூள் எல்லா இடத்திலும் ஒட்டும். ஜென்சியன் வயலெட் கரைசலில் நாடாவை நனைத்துக் கழுவினால் ரேகை ஊதாவாக நிற்கும். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தாய்மார் பூசிய அதே மருந்துதான் இது. அலமாரியிலிருந்து தடய அறைக்குப் போன பட்டியல் இங்கேயும் நீள்கிறது.

பொருளைக் கிணற்றில் போட்டுவிட்டால் தடயம் அழிந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. உப்பும் அமினோ அமிலமும் கரைந்துபோவது உண்மை. கொழுப்பு தண்ணீரில் கரையாது. மொலிப்டினம் இருசல்பைட்டின் நுண்துகள் கலந்த நீர்மத்தை ஈரப் பரப்பில் தெளித்தால் துகள்கள் அந்தக் கொழுப்பில் படியும். நனைந்த கடதாசிக்கு, 1970களில் பிரித்தானியாவில் வளர்ந்த பௌதிக விருத்தி முறை உண்டு. கரைசலிலிருந்து வெள்ளித் துகள் கொழுப்பின்மேல் படிந்து ரேகையைச் சாம்பல் நிறத்தில் காட்டும். இரத்தம் படிந்த பதிவுக்குப் புரதத்தைச் சாயமேற்றும் அமிடோ பிளாக் பயன்படுகிறது.

வரிசை தவறினால் எல்லாம் தவறும்

இந்தக் கலையில் மிகக் கடினமானது எந்த முறையை முதலில், எதைக் கடைசியில் என்று தீர்மானிப்பதே. கண்ணாலும் பல நிற ஒளியாலும் பார்ப்பது எப்போதும் முதலில் வரும். அது பொருளைத் தொடுவதில்லை. கடதாசியென்றால் அடுத்து டி.எப்.ஓ., பிறகு நின்ஹைட்ரின், இறுதியாக பௌதிக விருத்தி. தண்ணீர்க் கரைசலை முதலிலேயே ஊற்றினால் அமினோ அமிலம் கழுவப்பட்டுவிடும். அதற்குப் பின் நின்ஹைட்ரின் தேட எதுவும் இராது. அவசரப்பட்டுத் தூளைப் போட்டவர் பின்வரும் முறைகளின் கதவை மூடிவிடுகிறார். நோயாளரின் நிலையைப் பாராமல் கைக்கு வந்த மருந்தைக் கொடுக்கும் வைத்தியரைப் போன்றவர் அவர்.

எழுந்த ரேகை மட்டும் தீர்ப்பாகிவிடாது என்பதையும் வரலாறு வலியோடு கற்பித்திருக்கிறது. 2004இல் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், வெடியூக்கிகள் இருந்த பிளாஸ்ரிக் பையில் கிடைத்த ரேகையை அமெரிக்க எப்.பி.ஐ. தவறாக ஒப்பிட்டு, குற்றமற்ற வழக்கறிஞர் ஒருவரைத் தடுத்துவைத்தது. ஸ்பெயின் பொலிஸார் அந்த ரேகை வேறொருவருடையது என்று காட்டிய பின்பே பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. ரேகையை எழுப்பும் வேதியியல் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், ஒப்பிடுவது மனிதக் கண். ஒற்றை விரலடையாளத்தை மட்டும் நம்பித் தண்டிக்கக்கூடாது என்று போல்ட்ஸ் பின்னாளில் வாதிட்டதன் நியாயம் இதில் தெரிகிறது.

மானிப்பாய் நமக்குச் சொல்வது

இலங்கையின் சாட்சியச் சட்டம், விரல், உள்ளங்கை, பாத அடையாளங்களைப் பற்றி நிபுணரின் கருத்தை ஏற்கிறது. யாழ்ப்பாண நீதிமன்றங்களில் அந்தக் கருத்தைக் கேட்பவர், அதனால் சிறை செல்லக்கூடியவர், அதனால் விடுதலை பெறக்கூடியவர் பெரும்பாலும் தமிழர். எந்தப் பரப்பில், எந்த முறையால், எந்த வரிசையில் அந்த ரேகை எழுப்பப்பட்டது என்று அவர்கள் தம் மொழியில் கேட்டு விளங்கிக்கொள்ள முடிகிறதா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி 'நின்ஹைட்ரினுக்கு முன் இந்தக் கடதாசி நனைக்கப்பட்டதா' என்று குறுக்கு விசாரணை செய்யத் தமிழில் ஒரு கைநூல் இருக்க வேண்டும். அது நீதியின் தேவை.

இந்தத் தேவையைக் கிறீன் நோயாளரின் பக்கம் நின்று உணர்ந்தார். வைத்தியர் கற்ற மொழி ஊரவரின் மொழியாக இருந்தால்தான் அறிவு ஊரில் தங்கும் என்று நம்பினார். 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. உத்தியோகமும் மதிப்பும் அந்த வழியே சென்றன. தமிழ்வழி மருத்துவக் கல்வி கிறீனுக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அயடீனும் வெள்ளி நைத்திரேற்றும் தமிழில் பேசப்பட்ட மானிப்பாயிலிருந்து, அவற்றின் அடுத்த பயனைத் தமிழில் எழுதும் தலைமுறை எழவில்லை.

அந்த வேலையை இப்போது தொடங்கத் தடையேதும் இல்லை. 1978இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. பாடசாலைகளில் உயர்தர வேதியியல் தமிழில் நடக்கிறது; குளோரைட்டுக்கு வெள்ளி நைத்திரேற்றுச் சோதனை ஒவ்வொரு மாணவரும் செய்வது. அதே கரைசலை வைத்துக்கொண்டு, ஆசிரியர் ஒருவர், கையால் தொட்ட கடதாசியில் ரேகையை எழுப்பிக் காட்டலாம். அதன் பலத்தையும் வரம்பையும் சேர்த்துச் சொல்லலாம். சட்டம் படிப்போரும் மருத்துவம் படிப்போரும் பொலிஸ் சேவைக்குப் போவோரும் அந்த வகுப்பறையிலிருந்துதான் வருகிறார்கள்.

(அடுத்த பகுதியில்: 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யும் 1842இன் மானிப்பாய் அகராதியும் அமெரிக்க மிஷன் அச்சகமும்.)